நான் போராடி வாங்குன பாயிண்ட்

பாருங்க, பாருங்க. நான் வந்து நிக்கறப்பவே தொண்ணூத்தொம்பது காட்டுச்சுங்க. இப்ப நூறாகி இருவது நிமிசமாச்சு. ஆளக் காணம். ஓட்டலுக்குள்ள உக்காந்து ரவா தோச சாப்படறானாட்ட இருக்குது. வெள்ள வண்டி உங்களுதுங்களான்னு ஒவ்வொரு டேபிளாப் போயிக் கேட்டேன், ஒருத்தனும் நிமுந்து பாக்கல. சார்ஜ் முடிஞ்சுதுன்னா வந்து எடுக்கோணுமா இல்லீங்களா? பின்னால ஒருத்தன் காத்துட்டு நிப்பான்னு ஒரு நெனப்பு வேண்டாமுங்களா?

உங்களச் சொல்லலீங்க. உங்களுது அறுவத்தஞ்சுதான் ஆகியிருக்குது, நிதானமா ஏறட்டும். கோயமுத்தூருங்களா? சரி சரி. இப்பிடி நெழல்ல வந்து நில்லுங்க. எனக்கு இந்தச் சார்ஜ் விசயத்துல சட்டுன்னு கோவம் வந்துருதுங்க. காரணம் இல்லாமயா வரும்? என்ர இடத்துல நீங்க இருந்திருந்தாத் தெரியும்.

நான் அரசூர் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில குவாலிட்டி மேனேஜருங்க. பேரு சென்னியப்பன். இருவத்தாறு வருசம் சர்வீஸ். வீடு திருப்பூர். போக வர எழுவது கிலோமீட்டர். பெட்ரோல் போட்டு மாளாதுன்னு மூணு வருசத்துக்கு முந்தி இந்தக் கரண்டுக் காரை வாங்குனேன். வாங்குன மக்காநாளே ஆரம்பிச்சுது வெனை. எங்க அப்பார்ட்மெண்ட்ல சங்கத் தலைவருன்னு ஒருத்தர் இருக்கறாரு, ரிட்டயர்டு தாசில்தார். கீழ பார்க்கிங்ல ஒரு பிளக் பாயிண்ட் வெச்சுக்கறனுங்கன்னு எழுதிக் குடுத்தேன். முடியாதுன்னுட்டாரு. உங்க ஒருத்தருக்காக நாப்பது வீட்டு ஒயரிங்கத் தொட முடியுமான்னு கேக்கறாரு. ஒரு மனுசன் வண்டிய வாங்கி வெச்சுட்டு, சார்ஜ் போட எடமில்லாம நிக்கறான். அவன் நெலமை என்னாகும்னு அந்தாளு ஒரு நிமிசம் யோசிக்கலீங்க. பதவியில இருக்கறவனுக்கு அடுத்தவன் கஷ்டம் கண்ணுக்கே தெரியாதுங்க. அன்னைக்கு எனக்கு வயிறு எரிஞ்சுது.

சரி, ஆபீஸ்ல கேப்போம்னு மொதலாளிகிட்டப் போனேன். கேட்டன்னா சும்மா ஒரு தடவையா? ரெண்டு வருசமுங்க. ரெண்டு வருசம் மீட்டிங்குக்கு மீட்டிங் எந்திரிச்சுக் கேட்டேன். எனக்காக மட்டும் கேக்கலீங்க, அதையும் சொல்லிப்போடறேன். நாளைக்கு எல்லாரும் கரண்டு வண்டிதான் வாங்கப் போறாங்க, வேலை செய்யற எடத்துல சார்ஜ் வசதி இருக்கோணும், அது எல்லாருக்குமான உரிமைன்னு பேசுனேன். உரிமைங்கற வார்த்தையவே சொன்னேன். கை தட்டுனாங்க.

மொதலாளி நல்ல மனுசன்தான். ஆனா ஒரே பிடியா நின்னாரு. லோடு ஏறக்கூடாதுன்னுட்டாரு. அது என்னன்னாங்க, பேக்டரிக்கு இத்தன லோடுன்னு ஈபியில எழுதி வாங்கியிருப்பாங்க. அதத் தாண்டுனா பில்லுல தீட்டிருவான். எங்களுது பம்பு ஓட்டிப் பாத்து டெஸ்ட் பண்ற கம்பெனிங்களா, பெரிய மோட்டார் ஓடற நாள்ல மீட்டரு விளிம்புல நிக்கும். எலக்ட்ரிக்கல் பாக்கற ஜெரால்டு கையப் பெசஞ்சான். ரெண்டு பதினஞ்சு ஆம்பியர் பிளக் வெச்சா ஆறு கிலோவாட் ஆகுமுங்க, அந்த ஆற எங்கயாச்சும் மிச்சம் புடுச்சுக் கொண்டாங்க, வெச்சுத் தர்றேன்னான்.

கொண்டாந்தனுங்க. நான் குவாலிட்டிக்காரன், எங்க என்ன ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என்ர பொழப்பு. ஒரு வாரம் நோட்டும் கையுமா பேக்டரி பூரா சுத்துனேன். கடைசியில வைண்டிங் செக்சன் பின்சொவத்துல பாத்தா, எட்டு ஸ்கூட்டர் வரிசையா நிக்குது. கரண்டு ஸ்கூட்டர். எட்டுக்கும் உள்ளிருந்து ஒயரு. வைண்டிங்ல காயில் சுத்தற பொம்பளைங்களுது. அந்தக் காலத்துல பழைய மெசின் நின்ன எடம், பிளக் அப்பிடியே கெடந்திருக்குது, மாட்டிக்கிட்டாங்க. நாலு வருசமா நடந்துட்டு இருக்குதாம். யாருகிட்டயும் அனுமதி கெடையாது, எழுத்துல ஒண்ணும் கெடையாது. அந்தச் செக்சன் சூப்பர்வைசரக் கேட்டா, பாவமுங்க சார், தூரத்துல இருந்து வர்றாங்கங்கறான். கணக்குப் போட்டுப் பாத்தேன். எட்டும் சேந்தா அஞ்சே முக்கால் கிலோவாட் வருது. என்ர ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்தேன். யாரு பேரையும் எழுதலீங்க. நான் அப்பிடிப்பட்ட ஆளில்ல. அனுமதியில்லாத இணைப்புகள், தீ விபத்து அபாயம், உடனே நீக்கலாம்னு மட்டும் எழுதுனேன். ரெண்டாவது கட்டத்துல தொழிலாளர் வண்டிகளுக்கும் வசதி செய்யலாம்னும் எழுதியிருந்தேன். அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. நாலாம் பக்கத்துல இருக்குது, வேணும்னா காட்டறேன்.

சனிக்கெழம அங்க பிளக்கக் கழட்டி சொவத்தப் பூசுனாங்க. பத்து நாள்ல, ஆபீஸ்காரங்க வண்டி நிக்கற ஸ்டாப் பார்க்கிங்ல, தகரக் கொட்டாய்க்குக் கீழ, ரெண்டு பாயிண்ட் வந்துருச்சு. தேங்கா ஒடச்சு, சூடம் காட்டி, மொதலாளி கையால மொத பிளக்க என்ர வண்டிக்கு மாட்டுனாரு. போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க. ரெண்டு வருசப் போராட்டமுங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

ரூலும் நாந்தான் எழுதுனேன். பொது வசதின்னா ஒழுங்கு வேணுமில்லீங்களா? போர்டுல கொட்டக் கொட்டயா எழுதி மாட்டுனேன். முதலில் வருபவருக்கு முதலில். ஒரு பாயிண்டுக்கு ஒரு வண்டி. நாலு மணி நேரம் மட்டும். முடிந்ததும் வண்டியை எடுத்துவிட்டு வாட்ஸப் குரூப்பில் தெரிவிக்கவும். குரூப்ல சேர்றதுக்குக் கட்டம் கட்டமா இருக்குமே, அதையும் கீழ அச்சடிச்சேன், போன்ல காட்டுனா நேரா உள்ள வந்துரலாம். இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க, உங்களுக்குச் சொன்னா என்ன. எங்க ஆபீஸ்ல கரண்டுக் கார் வெச்சிருந்தது ரெண்டே பேரு. நானு, அப்பறம் எச்.ஆர். வித்யாசாகர். அவரு மொதலாளிக்கு ஒறவு. நேரம் ஒதுக்கறதுன்னு வந்தா அவரு தனக்கு நல்ல நேரத்த எடுத்துக்குவாரு. ஆனா அவரு வர்றது ஒம்போதரை. நான் எட்டேகாலுக்கெல்லாம் உள்ள இருப்பேன். அதனாலதான் மொதல்ல வர்றவங்களுக்கு மொதல்லன்னு வெச்சேன். எப்பிடி?

ரெண்டு மாசம் ராஜா மாதிரி இருந்தேன். எட்டேகாலுக்கு மாட்டுவேன், பன்னெண்டேகாலுக்குக் கழட்டுவேன், எடுத்துவிட்டேன் நன்றின்னு குரூப்ல போடுவேன். நானே எழுதுன ரூல நானே மீறலீங்க.

அப்பத்தான் அந்தம்மா வந்துச்சு. துளசிமணின்னு பேரு. வைண்டிங்தான். பதனோரு வருசமா காயில் சுத்துது. கை சுத்தம், ரிஜெக்சனே வராது, அதை நான் ஒத்துக்கறேன். அன்னூருக்கு அந்தப்பக்கம் எதோ ஊரு. ஒரு வழி இருவத்துநாலு கிலோமீட்டராம். வந்து நின்னுட்டு, சார், பின்னால பிளக்க எடுத்துட்டாங்க, எங்க வண்டி வந்து சேர்றதுக்குத்தான் தாங்குது, திரும்பிப் போக மாட்டேங்குது, நீங்க மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நல்லா இருக்குமுங்க சார்ங்குது. ரெண்டாவது கட்டத்துல வரும்மா, நாந்தான் எழுதியே குடுத்திருக்கறேன்னு சொன்னேன். அது எப்பங்க சார் வருமுன்னுச்சு. எனக்கென்ன தெரியும்? வரும் போம்மான்னேன். சரிங்க சார்ன்னுட்டுப் போயிருச்சு. தன்மையாத்தான் பேசுனேன்.

ஒரு நாளு காலையில கோயமுத்தூருக்குச் சப்ளையரப் பாக்கப் போயிட்டுப் பதனோரு மணிக்கு வர்றேன். என்ர பாயிண்ட்ல ஒரு ஸ்கூட்டர் நிக்குது. ஸ்டாப் பார்க்கிங்லீங்க! இருவத்தாறு வருசத்துல அந்தக் கொட்டாய்க்குக் கீழ ஒரு தொழிலாளி வண்டி நின்னு நான் பாத்ததில்ல. அப்பிடி நிறுத்தக்கூடாதுன்னு யாரும் எழுதி வெக்கல. எதுக்கு எழுதோணும்? எல்லாருக்கும் தெரியுமில்லீங்களா? எனக்கு உச்சந்தல சூடாயிருச்சு. யாரு என்னன்னு கேக்கல. ஒயரப் புடுங்கி, வண்டிய வெளிய வெயில்ல தள்ளி நிறுத்திட்டு என்ர காரை மாட்டுனேன். வாட்ச்மேன் ஆரோக்கியம் ஓடி வந்து, சார், அது துளசிமணி அக்கா வண்டிங்க சார், பொழுதோட அதுலதான் போகோணும்னான். அது எனக்குத் தெரியும்யா, நீ போயி உன்ர கேட் வேலையப் பாருன்னேன்.

மக்காநாளு அவன்தான் சொன்னான். அந்தம்மா வண்டி கோவில்பாளையம் தாண்டி நின்னு போயி, மீதி தூரமெல்லாம் தள்ளிட்டே போச்சாம். பொண்ணு பத்தாவது படிக்குதாம், ஸ்கூல் பஸ்சு ரோட்டு முக்குல எறக்கி விட்டுட்டுப் போயிருமாம். தோட்டத்து வழியில தனியாப் போகப் பயந்துட்டு ஏழரை மணி வரைக்கும் அங்கயே நின்னுட்டு இருந்துச்சாம். கேக்கறப்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்றதுங்க? ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமில்ல? வீட்டுல வேற ஆளே இல்லையா? என்ர கிட்ட வந்து, சார் இப்பிடி, இப்பிடின்னு சொல்லியிருந்தா நான் கல்லா?

சொல்லலீங்க. அதுக்குப் பதிலா என்ன பண்ணுச்சு தெரியுமா? திங்கக்கெழம நான் எட்டேகாலுக்குப் போறேன், ரெண்டு பாயிண்ட்லயும் ஸ்கூட்டர். ஒண்ணு அதோடது, ஒண்ணு பூங்கொடின்னு இன்னொரு பொண்ணோடது. ஆரோக்கியத்தக் கூப்புட்டு என்னய்யா இதுன்னு கத்துனேன். ஏழு இருவதுக்கு மாட்டுனாங்க சார், போர்டுல அப்பிடித்தான போட்டிருக்குதுங்கறான். எனக்கு அப்பத்தான் தலையில அடிச்சாப்பல இருந்துச்சு. அவுங்க சிப்ட்டு ஏழரைக்கு. ஏழரைக்கு! பேக்டரியில பாதிச் சனம் நான் வர்றதுக்கு முந்தியே வந்து வேலை ஆரம்பிச்சுருது. இத்தன வருசம் அந்த சவுண்டக் கேட்டுட்டேதான் உள்ள நொழைஞ்சிருக்கறேன். ரூல் எழுதறப்ப என்ர மண்டையில வித்யாசாகர் ஒருத்தர்தான் இருந்தாரு.

பதனொண்ணு இருவதுக்குக் குரூப்ல டிங்குன்னு வருது. நாலு மணி நேரம் முடிந்தது, எடுத்துவிட்டேன், நன்றி. துளசிமணி. நான் எந்திரிச்சு வண்டிச் சாவிய எடுத்துட்டுக் கீழ வர்றதுக்குள்ள அடுத்த ரெண்டு ஸ்கூட்டர் மாட்டியாச்சு. சாப்பாட்டு நேரத்த மாத்திக்கிட்டாங்களாம். எட்டு பேரு, ஒரு நாளைக்கு நாலு பேரு, ஒண்ணு விட்டு ஒரு நாள் ஒவ்வொருத்தருக்கும் வர்ற மாதிரி மொறை வெச்சிருக்கறாங்க, மத்த நாள் அடுத்தவங்க வண்டியில தொத்திட்டு வர்றாங்களாம். ஒரு பாயிண்டுக்கு ஒரு வண்டி. நாலு மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிசம் இல்ல. நன்றி போடாத நாளே இல்ல. அந்த நன்றியப் பாத்தாத்தான் எனக்குப் பத்திட்டு வரும். ஒரு நாளாச்சும் ரூல மீறட்டும், புடுச்சுப்போடலாம்னு மூணு வாரம் ஜன்னல்ல நின்னு பாத்தனுங்க. மீறவே இல்ல.

மொதலாளிகிட்டப் போனேன். ஸ்டாப் மட்டும்னு ரூல மாத்தோணும்னேன். அவரு சிரிக்கறாருங்க! எல்லாருக்குமான உரிமைன்னு நீங்கதான சென்னியப்பன் பேசுனீங்கங்கறாரு. ரூலும் உங்க கையெழுத்துத்தான, மாத்தறதுன்னா குரூப்ல இருக்கற எல்லாரும் ஒத்துக்கோணுமுங்கறாரு. அப்ப ரெண்டாவது கட்டத்தயாச்சும் ஆரம்பிங்கன்னேன். லோடு இல்லீங்களேன்னுட்டாரு. வித்யாசாகரு இருக்கறாரே, அவரு எனக்கென்னன்னு வீட்டுல சார்ஜர் மாட்டிக்கிட்டு, குரூப்ல இருந்தும் போயிட்டாரு. தனி வீடு. என்ர நெலமைய நெனச்சுப் பாருங்க. அப்பார்ட்மெண்ட்லயும் இல்ல, ஆபீஸ்லயும் இல்ல. ஒரு நாளு மச்சான் வீட்டுல, ஒரு நாளு மாவு மில்லுல, கெஞ்சிக் கெஞ்சிப் போட்டேன். இந்த வயசுல நான் ஒயரத் தூக்கிட்டு வீடு வீடாப் போகோணுமா?

இப்பிடியே ஓடிட்டு இருக்கறப்ப, போன மாசம் ஒரு வெள்ளிக்கெழம. வெளிவேலைக்குப் போயிட்டுப் பதனொண்ணரைக்கு உள்ள வர்றேன். நாலு பர்சென்ட். நாலுங்க. கேட்டுல இருந்து கொட்டாய் வரைக்கும் போகுமான்னு சந்தேகம். ஏசி, பாட்டு எல்லாத்தயும் அமத்திட்டு மூச்சப் புடுச்சுட்டு வர்றேன். ரெண்டுலயும் ஸ்கூட்டர். அப்பத்தான் மாட்டிட்டுத் திரும்புதுங்க ரெண்டு பொம்பளைங்களும். ஒண்ணு துளசிமணி. நான் ஆரோக்கியத்தப் புடுச்சுக் கத்தறேன். வேணும்னுதான் சத்தமாக் கத்தறேன். இது ஆபீசா சந்தையா, கேக்க ஆளில்லையா, யாரு வாங்குன பாயிண்ட் இதுன்னு. பேக்டரியே கேட்டிருக்கும்.

அந்தம்மா திரும்பி வந்துச்சு. சண்டைக்குத்தான் வருதுன்னு நெனச்சனுங்க. வரட்டும்னுதான் இருந்தேன். கேக்கறதுக்கு எங்கிட்டயும் பத்து வார்த்த இருந்துச்சு. வந்து, வண்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, எத்தன பர்சென்ட் இருக்குதுங்க சார்ன்னுச்சு. நாலுன்னேன். அச்சச்சோ, திருப்பூர் போகோணுமில்லீங்களான்னுச்சு. குனிஞ்சு அதோட ஒயரக் கழட்டி, ஸ்கூட்டரத் தள்ளி ஓரமா நிறுத்திட்டு, போட்டுக்கங்க சார்ன்னுச்சு. அவ்வளவுதான். சேலைத் தலப்புல கையத் தொடச்சுட்டு உள்ள போயிருச்சு.

போட்டேன். போடாம என்ன பண்றது? நாலு பர்சென்ட்ல நான் எங்க போறது?

மூணு மணிக்கெல்லாம் எனக்கு வீடு போற அளவு ஏறிருச்சு. கழட்டியிருந்தா அது ஒரு மணி நேரம் போட்டிருக்கும். எனக்கும் தோணாம இல்லீங்க. ஜன்னல்ல இருந்து பாத்துட்டேதான் இருந்தேன், ஸ்கூட்டர் அங்கயே ஓரமா நிக்குது. வந்து கேக்கட்டும், கேட்டாக் குடுப்போம்னு இருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருந்தாக் கழட்டிக் குடுத்திருப்பேன். கேக்கலீங்க. நாலு மணிக்கு வந்து ஸ்கூட்டர எடுத்துட்டு, ஆரோக்கியத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. எந்த எடத்துல நின்னுச்சோ, எங்கிருந்து தள்ளுச்சோ தெரியாது. நான் விசாரிக்கல. ஆரோக்கியமும் இந்தத் தடவ எங்கிட்டச் சொல்லல.

ஒண்ணாந்தேதி அந்தம்மா வேலைய விட்டுருச்சு. அன்னூர்லயே எதோ பனியன் கம்பெனியாம், நடந்து போற தூரமாம். சம்பளம் கம்மி. பிசிறடிக்கறதாம். பதனோரு வருசம் காயில் சுத்துன கைக்கு நூலு வெட்டற வேலைங்க! யாராச்சும் போவாங்களா? பொண்ணுக்கு இது பப்ளிக் எக்ஸாம் வருசம், பொழுதோட வீட்டுல இருக்கோணும்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லுச்சாம். எம்மேல ஒரு புகார் எழுதல. ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. மீதி ஏழு பேரும் சேந்து ஒரு வேன் பேசிக்கிட்டாங்க. குரூப்ல இருந்து ஒருத்தொருத்தரா வெளிய போயிட்டாங்க. இப்ப அந்தக் குரூப்ல நான் ஒருத்தன்தான் இருக்கறேன். வைண்டிங்ல ரிஜெக்சன் ஏறிட்டே போகுது, அதுக்கும் மீட்டிங்ல என்னையத்தான் கேக்கறாங்க.

என்னங்க? ஆமாங்க, காலியாத்தான் இருக்குது. ரெண்டு பாயிண்டும் காலி. எத்தன மணி நேரம் வேணா போட்டுக்கலாம், கேக்க ஆளில்ல. அப்பறம் எதுக்கு ஒண்ணு விட்டு ஒரு நாள் இங்க வந்து, காசும் குடுத்துட்டுக் காத்துட்டு நிக்கறேங்கறீங்களா? என்ர பொண்டாட்டியும் இதையேதான் கேக்கறா. பைத்தியமாங்கறா.

போகலைன்னு நெனைக்காதீங்க. போனனுங்க. திங்கக்கெழம எட்டேகாலுக்கு அதே எடத்துல நிறுத்தி, டிக்கியத் தொறந்து, ஒயரக் கையில எடுத்தேன். பிளக் முன்னால இருக்குது. வைண்டிங் செக்சன் ஜன்னல் நேரெதிருங்க. உள்ள எல்லாரும் குனிஞ்சு காயில் சுத்திட்டு இருக்கறாங்க. ஒருத்தரும் நிமுந்து என்னையப் பாக்கல. பாத்திருந்தா மாட்டியிருப்பேன். ஆரோக்கியம் வந்து, காலியாத்தானுங்க இருக்குது, போடுங்க சார்ன்னான். கிண்டலெல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் சொன்னான். எனக்கு வந்துச்சே கோவம்! தெரியும்யா, எனக்குச் சொல்லித் தர்றயான்னு அவனக் கன்னாபின்னான்னு பேசிட்டு, ஒயரச் சுருட்டி உள்ள போட்டுட்டு வந்துட்டேன். கை போகலீங்க. மூணு வாரமாச்சு, போக மாட்டேங்குது.

நான் போராடி வாங்குன பாயிண்டுங்க அது! ரெண்டு வருசம்! அந்தம்மா ஒரு வார்த்த என்னையத் திட்டியிருந்தா நானும் நாலு வார்த்த திட்டியிருப்பேன், அதோட தீந்திருக்கும். கம்முனு கழட்டிக் குடுத்துட்டு, கம்முனு வேலையயும் விட்டுட்டுப் போனா, இப்ப நான் யாரப் போயிங்க திட்டறது?